கதைக்குள் ஊர் வருவது எப்படி

ஆவடிக்கும் செங்குன்றத்துக்கும் இடைப்பட்ட வெள்ளானூரில் நடப்பதாக ஒரு கதை எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதல் பத்தியில் என்ன வரும்? பெரும்பாலும் பச்சை வயல், ஏரிக்கரை, நாலைந்து பனைமரம், டீக்கடை பெஞ்சு, குயில் கூவும் காலை. ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு மதுராந்தகம் என்றோ மன்னார்குடி என்றோ போட்டாலும் அந்தப் பத்தி அப்படியே பொருந்தும். எந்த ஊருக்கும் பொருந்துகிற வர்ணனை எந்த ஊரையும் காட்டுவதில்லை. புதிதாக எழுத வருகிறவர்கள் கண்ணால் பார்த்ததை எல்லாம் வரிசையாக அடுக்கிவிட்டு, ஊரைக் கொண்டுவந்துவிட்டதாக நம்புகிறார்கள். வாசகர் அந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்து, யாராவது பேசத் தொடங்கும் இடத்துக்குப் போய்விடுகிறார்.

அப்படியானால் ஒரு ஊர் கதைக்குள் எப்படி வருகிறது? தமிழில் இதற்கு நீண்ட காலமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பதில்களை வரிசையாகப் பார்த்தால் பொதுவான ஒன்று கிடைக்கிறது. கதாபாத்திரம் எடுக்கும் முடிவை ஊர் மாற்றுகிற கணத்தில்தான் வாசகர் அந்த ஊருக்குள் காலை வைக்கிறார். மழை எங்கே தேங்கும், கடைசி பஸ் எப்போது, யார் எந்தத் தெரு வழியாகப் போகலாம், ஒரு குடம் தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பவைதான் ஊர். வர்ணனை அதற்குப் பிறகு வருகிற அலங்காரம்.

தொல்காப்பியப் பொருளதிகாரம் செய்யுளின் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரிக்கிறது. பள்ளிக்கூடத்தில் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்துவிட்டதால் அதை எழுதுகிறவர்களுக்கான கையேடாக நாம் படிப்பதே இல்லை. முதற்பொருள் என்றால் நிலம் மட்டும் என்று நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. நிலமும் பொழுதும் சேர்ந்ததுதான் முதற்பொருள். குறிஞ்சிக்கு நள்ளிரவு, முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல் என்று ஒவ்வொரு நிலத்தையும் ஒரு பொழுதோடு கட்டிவைத்தார்கள். பொழுதில்லாத நிலம் அவர்கள் கணக்கில் பாதிதான். அடுத்து கருப்பொருள் பட்டியலைப் பாருங்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ். இதில் மலையின் வடிவமோ வானத்தின் நிறமோ இல்லை. அங்கே இருப்பவர்கள் என்ன தின்கிறார்கள், எதைக் கும்பிடுகிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள், எதைக் கொட்டி ஆடுகிறார்கள் என்பதே இருக்கிறது. உரிப்பொருளோ மனித உறவின் நிலை. கூடல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். நிலத்திலிருந்து புழங்குபொருளுக்கும் அங்கிருந்து மனசுக்கும் போகிற இந்தப் பாதையைவிடத் தெளிவான ஒரு எழுத்துப் பாடம் வேறு மொழியில் கிடைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. ஏ.கே. ராமானுஜன் 1967 இல் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தொகுத்தபோது அந்த நூலுக்கு ‘அகநிலக்காட்சி’ என்ற பொருளில் பெயர் வைத்தது இதை உணர்ந்ததால்தான்.

வெள்ளானூர் இருப்பது பழைய தொண்டை நாட்டில். அந்த நாட்டு மன்னன் தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை ஒரு பயணக்கதையாக இன்று வாசிக்கலாம். பரிசு வாங்கிவந்த பாணன் ஒருவன், வறுமையில் இருக்கும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். கேட்பவனுக்குப் பசி. அதனால் சொல்பவனின் கண் முழுக்கச் சாப்பாட்டில் இருக்கிறது. எயினர் குடிசையில் எறும்புப் புற்றிலிருந்து தோண்டி எடுத்த புல்லரிசிச் சோறு. ஆயர் வீட்டில் பாலோடு தினைச்சோறு. உழவர் வீட்டில் வெண்சோறும் கோழியும். அந்தணர் வீட்டில் வெண்ணெயில் வெந்த மாதுளம்பிஞ்சு, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்து, கூடவே மாவடு. நிலம் மாறுவதை நாக்கு சொல்கிறது. பசியுள்ள ஒருவனுக்காகச் சொல்லப்படுவதால்தான் அந்த ஐந்நூறு அடிகளையும் இன்றும் வாசிக்க முடிகிறது. அந்தப் பாணனை எடுத்துவிட்டு உணவுப் பட்டியலை மட்டும் வைத்திருந்தால் அது பட்டியலாகவே கிடந்திருக்கும்.

புதுமைப்பித்தன் 1940களில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் தொடங்குகிறது. பிள்ளை அங்கே நின்று ஊரை ரசிக்கவில்லை. கையிலிருக்கும் சில்லறைக்கு வண்டி ஏறிப் போவதா, வெற்றிலை போட்டுக்கொண்டு நடப்பதா என்று யோசிக்கிறார். அந்தக் கணக்கில் டிராம் வருகிறது, தூரம் வருகிறது, நடுத்தர வயது வருகிறது, சென்னை வருகிறது. ஒரு கட்டடத்தின் உயரத்தைக்கூடச் சொல்லாமல் நகரம் நம் முன்னால் வந்து நின்றுவிடுகிறது.

இதே உணர்வு வேறொரு மூலையில் வேலை செய்ததையும் சொல்ல வேண்டும். டப்ளினை விட்டுப்போய் ட்ரியெஸ்டிலும் சூரிக்கிலும் பாரிஸிலும் இருந்தபடி ‘யுலிஸிஸ்’ எழுதிய ஜேம்ஸ் ஜாய்ஸ், 1921 இல் டப்ளினில் இருந்த தன் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். எக்கிள்ஸ் தெரு 7 ஆம் எண் வீட்டின் கம்பி வேலியைச் சாதாரண மனிதர் ஒருவர் ஏறிக் கடந்து, அடிபடாமல் கீழே குதிக்க முடியுமா என்பது அவருடைய சந்தேகம். அவருடைய நாயகன் சாவியை மறந்துவிட்டு நள்ளிரவில் வீட்டுக்கு வருகிறான், உள்ளே போக வேண்டும். வேலியின் நிறம் ஜாய்ஸுக்குத் தேவைப்படவில்லை. ஓர் உடம்பு அதைத் தாண்ட முடியுமா என்பது தேவைப்பட்டது. இடத்தைப் பற்றி ஓர் எழுத்தாளர் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

நவீனத் தமிழ்ப் புனைவில் நிலம் பெரிய வீச்சோடு வந்தது நாவல்களில். கொங்கு மண்ணையும் அதன் பேச்சையும் கொண்டு ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ எழுதியது 1942 இல். நிலப் பங்கு கேட்கும் ஒரு விதவையின் பிடிவாதம்தான் அந்த நாவல். மண்ணும் வரப்பும் கிணறும் அவள் கேட்கிற பங்காக வருகின்றன. ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ 1964 இலும், இரணியலைக் களமாகக்கொண்ட நீல. பத்மநாபனின் ‘தலைமுறைகள்’ 1968 இலும் வந்தன. சுந்தர ராமசாமி 1966 இல் ஒரு புளியமரத்தை நடுவில் நட்டு, நாகர்கோவில் கிராமத்தனத்திலிருந்து கடைத்தெருவாக மாறுவதை அந்த மரத்தடியில் நின்று சொன்னார். வண்ணநிலவன் இன்னும் சுருக்கிக்கொண்டார். ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வில் பாளையங்கோட்டையின் ஒரு சின்னத் தெரு, சில வீடுகள், அவ்வளவுதான். ஊரைக் காட்ட ஊர் முழுவதையும் காட்ட வேண்டியதில்லை என்பதற்கு அந்தக் குறுநாவலைவிட நல்ல சான்று இல்லை.

கி. ராஜநாராயணன் இந்த வரிசையில் தனியாக நிற்கிறார். 1976 இல் வந்த ‘கோபல்ல கிராமம்’, அதன் தொடர்ச்சியாக 1991 இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘கோபல்லபுரத்து மக்கள்’ இரண்டும் கரிசலுக்கு முகம் கொடுத்தன. ஆனால் அவர் செய்ததில் எழுதுகிறவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டியது 1982 இல் வெளிவந்த வட்டார வழக்குச் சொல்லகராதி. ஒரு நாவலாசிரியர் தன் மண்ணின் சொற்களை அகராதியாகத் தொகுக்க உட்கார்ந்தார். பின்னால் பெருமாள்முருகன் கொங்குக்கு அதைச் செய்தார். மழை, மாடு, விதைப்பு, சண்டை, வியாதி ஒவ்வொன்றுக்கும் எத்தனை சொல் இருக்கிறது என்று எண்ணிப்பார்த்தவர்களால்தான் அந்த நாவல்களை எழுத முடிந்தது. ஒரு ஊரில் எதற்கு நிறையச் சொல் இருக்கிறதோ, அதில்தான் அந்த ஊரின் பிழைப்பு இருக்கிறது.

இவற்றையெல்லாம் ‘வட்டார இலக்கியம்’ என்று ஒரு பெட்டியில் போட்டுவிடுகிற பழக்கத்தின்மேல் எனக்குக் கடுமையான வருத்தம் உண்டு. தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ கும்பகோணத்தின் தெருக்களில் ஊறியது. அங்கே பேசப்படும் தமிழும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கும் சாதிக்கும் உரியது. அதை யாரும் வட்டார நாவல் என்று சொல்வதில்லை. கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சில் எழுதினால் வட்டாரம், காவிரிக்கரைப் பேச்சில் எழுதினால் பொது என்கிற இந்தப் பிரிவை விமர்சகர்கள் எப்போதோ கைவிட்டிருக்க வேண்டும். எல்லா நல்ல நாவலும் ஏதோ ஒரு ஊரில்தான் நடக்கிறது.

ஒரே ஊருக்குள்ளும் ஒரே நிலம் இருப்பதில்லை என்பதைத் தமிழ் எழுத்து கொஞ்சம் தாமதமாகவே ஒப்புக்கொண்டது. கி.ரா.வின் இடைசெவலும் பூமணியின் ஊரும் ஒரே கோவில்பட்டிக் கரிசலில்தான் இருக்கின்றன. ஆனால் 1979 இல் பூமணி எழுதிய ‘பிறகு’வில் அழகிரி என்ற செருப்புத் தைப்பவரின் கால்களோடு நடக்கும்போது, அந்தக் கரிசல் முற்றிலும் வேறு. எந்த வீட்டு முற்றம்வரை போகலாம், எங்கே நின்று குரல் கொடுக்க வேண்டும், கூலியாக எது கிடைக்கும் என்பவையே அதன் எல்லைக்கோடுகள். பாமாவின் ‘கருக்கு’ (1992) தன் ஊரின் மலைகளையும் வயல்களையும் அன்போடு சொல்லிவிட்டு, உடனே தெருக்கள் சாதி சாதியாக எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று வரைகிறது. அழகான மலைக்கும் அந்தத் தெருப் பிரிவுக்கும் நடுவில் இடைவெளியே விடாததுதான் அந்தப் பக்கங்களின் வலிமை. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் (1994) ஆரோக்கியம் துணி எடுக்கவும் சோறு வாங்கவும் வீடு வீடாகப் போகிற வழிதான் ஊரின் வரைபடம். இந்த நாவல்களைப் படித்த பிறகு, ‘அழகிய சிற்றூர்’ என்று தொடங்குகிற எந்தக் கதையையும் யார் கண்ணுக்கு அழகு என்று கேட்காமல் என்னால் வாசிக்க முடிவதில்லை.

ஊருக்கு உண்மைப் பெயரா, கற்பனைப் பெயரா என்ற கேள்வி பலருக்கும் எழுகிறது. ஆர்.கே. நாராயண் 1935 இல் மால்குடியைக் கட்டினார். ஜோ டி குருஸ் ‘ஆழி சூழ் உலகு’க்கு ஆமந்துறை என்றும், எஸ். ராமகிருஷ்ணன் ‘நெடுங்குருதி’க்கு வேம்பலை என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். சோ. தர்மனின் ‘சூல்’ உருளைக்குடி என்ற உண்மைப் பெயரோடே அந்த ஊர்க் கண்மாயின் வாழ்க்கையைச் சொன்னது. அதற்கு 2019 இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. உண்மைப் பெயருக்கு விலை கொடுத்தவர் பெருமாள்முருகன். 2010 இல் வெளிவந்த ‘மாதொருபாகன்’ திருச்செங்கோட்டைப் பெயர் சொல்லியே எழுதியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2014 டிசம்பரில் அந்த ஊரில் போராட்டம் மூண்டது. 2015 ஜனவரியில் எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றபின் அவர் எழுதிய ‘பூனாச்சி’யில் மனிதர்களுக்குப் பதில் வெள்ளாடு, ஊருக்குப் பதில் அசுரலோகம். ஒரு எழுத்தாளரிடமிருந்து அவருடைய ஊர்ப்பெயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது அந்த இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் தெரியும். ‘பூனாச்சி’ சிறந்த நாவல்தான். ஆனாலும் அதற்குள் ஒரு இழப்பு கிடக்கிறது. கற்பனைப் பெயரை எழுத்தாளர் தானே விரும்பி வைக்க வேண்டும், பயந்து வைக்கக் கூடாது.

தொலைவு இடத்தை மங்க வைக்கும் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அது கூர்மையாக்குகிறது. அசோகமித்திரன் 1952 இல் செகந்திராபாத்தை விட்டுச் சென்னைக்கு வந்தவர். அந்த ஊரை முழுமையாகக் கண்முன் நிறுத்திய ‘18வது அட்சக்கோடு’ வெளிவந்தது 1977 இல். கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கம் கனடாவிலிருந்தும், அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி பிரான்ஸிலிருந்தும் எழுதுகிறார்கள். திரும்பிப் போக முடியாத ஊரில் வேலிக் கதியாலும் கிணற்றடியும் கூட ஆதாரம்போல எண்ணி எண்ணி எடுத்துவைக்கப்படுகின்றன. ஈழத்து எழுத்தில் இடத்துக்கு இருக்கும் இறுக்கத்துக்கு இது ஒரு காரணம்.

சென்னைக்கு வருவோம். இந்த நகரத்தைப் பற்றிய நாவல்களில் 1973 இல் நூலாக வந்த அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ எனக்கு முதலிடம். குழாயில் தண்ணீர் வராத ஒரு தெருவில் ஜமுனா குடத்தோடு அலைகிறாள். தெருவைத் தோண்டுகிறார்கள், குடிநீரில் சாக்கடை கலக்கிறது, பக்கத்து வீட்டுப் பம்பு யாருக்குத் திறக்கும் என்பதில் உறவுகள் தீர்மானமாகின்றன. அந்தத் தெருவை அவர் வர்ணித்த வரிகளைத் தேடினால் அதிகம் கிடைக்காது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, அந்த ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தபோது, அந்த நாவலை மறுபடி எடுத்தவர்கள் பலர். ஏகாம்பரேசுவரர் அக்ரகாரத்துக் குஜராத்தி ஒண்டுக்குடித்தனங்களைத் திலீப்குமார் எழுதினார். வட சென்னையை உள்ளிருந்து எழுதக் கரன் கார்க்கி வந்தார். தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ 2018 இல் சிந்தாதிரிப்பேட்டையைத் திறந்து காட்டியது. சினிமா பல ஆண்டுகளாகச் சிரிப்புக்கும் அடியாளுக்கும் மட்டும் ஒதுக்கி வைத்திருந்த பேச்சில் காதலும் ஜெபமும் துக்கமும் உண்டு என்று இவர்கள் எழுதிக் காட்டினார்கள்.

நகரத்தின் மேற்கு விளிம்புக்கு அப்படி ஒரு வரிசையைச் சட்டென்று சொல்லிவிட முடிவதில்லை. எழுதுவதற்குப் பொருள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடியது இந்தப் பக்கமாகத்தான். சுந்தரர் பாடிய திருமுல்லைவாயில் இங்கே இருக்கிறது. திருக்கச்சி நம்பிகளின் பூந்தமல்லி இங்கே. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயத் தீர்மானத்தைப் போட்டது. 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது, ஆவடியில் விஜயந்தா டாங்கிகள் உருவாயின. ஊர்க்காரர்கள் வாயில் அந்தத் தொழிற்சாலை இன்றும் டேங்க் ஃபேக்டரிதான். இப்போது வண்டலூரிலிருந்து மீஞ்சூர்வரை 62 கிலோமீட்டர் போகும் வெளிவட்டச் சாலை, நானூறு அடி ரோடு என்ற பெயரில் ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நடுவே கிடக்கிறது. வெள்ளானூர் ஊராட்சி இருப்பது வில்லிவாக்கம் ஒன்றியத்தில். வில்லிவாக்கம் எப்போதோ மாநகராட்சிக்குள் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் மோரை, பாலவேடு, பம்மதுகுளம், வெள்ளானூர் என்று இந்தக் கிராமங்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வரலாற்றை எல்லாம் ஒரு பத்தியில் கொட்டினால் கட்டுரைக்குச் சரி, கதைக்கு உதவாது. டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் பி.எஃப். பணத்தில் எங்கே மனை வாங்கினார், ஏன் ஆவடிக்குள் வாங்க முடியவில்லை என்று எழுதினால் அதே வரலாறு கதைக்குள் தானாக வந்துவிடும்.

இந்தப் பக்கத்தைப் புதிய பாலைநிலம் என்று எழுதிவிடுகிற ஆசையும் வரும். முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்து பாலையாவதைச் சிலப்பதிகாரம் சொல்லியிருப்பதால் உவமை கையருகே கிடக்கிறது. ஆனால் பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இங்கே வருகிறவர்கள் ஒன்றுசேர வருகிறார்கள். வாடகை வீட்டில் இருபது வருஷம் இருந்துவிட்டு, தாய் தகப்பனையும் கூட்டிவந்து ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அரை கிரவுண்டு வாங்குகிறார்கள். நிலத்தை விற்ற குடும்பத்துக்கு வேண்டுமானால் இது பாலை. பெருமாள்முருகனின் முதல் நாவலான ‘ஏறுவெயில்’ (1991) குடியிருப்பு வாரியக் காலனிக்காக நிலம் போன ஒரு குடும்பம் சிதைவதைச் சொன்னது. விற்றவர் பக்கத்துக்கு அதைவிட நேர்மையான முன்மாதிரி கிடையாது. வாங்கியவரும் விற்றவரும் ஒரே மண்ணில் எதிரெதிரே நிற்பதுதான் வெள்ளானூர் போன்ற ஊர்களின் உரிப்பொருள்.

அதற்கு ஒரு நல்ல நுழைவாயில் நில அளவை. தஞ்சாவூர்க்காரர் கதையில் நிலம் மாவிலும் வேலியிலும் பேசப்படும். இருபது மா ஒரு வேலி. தொண்டை மண்டலத்தில் காணி. 24 மனை ஒரு காணி. ஒரு மனை 2,400 சதுர அடி, சென்னைக்காரர் சொல்கிற ஒரு கிரவுண்டு. காணிக் கணக்கில் பேசிய ஊர் கிரவுண்டுக் கணக்கில் பேசத் தொடங்கிய வருஷம்தான் அந்த ஊரின் கதை தொடங்கும் வருஷம். ஒரு குடும்பத்துக்குள்ளேயே தாத்தா காணி என்பார், பேரன் ஸ்கொயர் ஃபீட் என்பான்.

சொல்வதைச் செய்து காட்டாமல் போவது நியாயமில்லை. வெள்ளானூரில் நடப்பதாக ஒரு சின்னக் காட்சியை எழுதிப் பார்க்கிறேன்.

சேகர் லேஅவுட் வரைபடத்தை ஸ்கூட்டர் சீட்டின்மேல் விரித்து, காற்றில் பறக்காமல் ஹெல்மெட்டை வைத்தான். நாற்பத்தாறு இருந்தது, நாற்பத்தெட்டு இருந்தது. நாற்பத்தேழின் கல்லை வேலிகாத்தான் மூடியிருந்தது. எருமையை ஓட்டிக்கொண்டு வந்த கிழவி நின்றாள்.

“இன்னாத்த தேடினுகீற நைனா?”

“எங்க பிளாட்டு ஆயா. அரை கிரவுண்டு.”

“இங்கியா? இது பள்ளக் கழனியாச்சே. ஏரி ரொம்பி கலங்கல் போச்சின்னா தண்ணி இப்டிக்காதான் எறங்கும்.”

சேகர் வரைபடத்தைப் பார்த்தான். அதில் கழனி இல்லை. முப்பதடி ரோடும் பூங்காவுக்கு விட்ட இடமும் இருந்தன. கூட வந்திருந்த வனஜாதான் கேட்டாள்.

“எவ்ளோ ஆயா நிக்கும்?”

கிழவி கையிலிருந்த கோலை ஸ்கூட்டர் சக்கரத்தோடு ஒட்டி நிறுத்தி, ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்தாள். சேகர் மேஸ்திரி சொன்ன கணக்கை மனசுக்குள் மறுபடி போட்டான். பேஸ்மட்டத்தை இன்னும் இரண்டடி ஏற்றினால் இந்த வருஷம் மாடிப்படி கிடையாது. அம்மா ஊரிலேயே இருக்க வேண்டியதுதான்.

இது பெரிய எழுத்து என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதில் மன்னார்குடியைப் போட முடியாது. கிரவுண்டும் கழனியும் கலங்கலும் வேலிகாத்தானும் ‘ஆயா’வும் சேர்ந்து வருகிற இடம் சென்னையின் வடக்கு, மேற்கு விளிம்பு மட்டும்தான். ஏரியைக் காட்டவே இல்லை. சக்கரத்தில் கட்டைவிரல் வைத்த உயரத்தில் அது நிற்கிறது. பொழுதும் உள்ளே இருக்கிறது: இப்போது தரை காய்ந்திருக்கிறது, ஐப்பசியில் காயாது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த விரல் எதைச் சொல்கிறது என்று விளக்க வேண்டாம். கடைசியில் ஒரு தாய் இந்த ஊருக்கு வருவதும் வராததும் நிலத்தின் மட்டத்தால் முடிவாகிறது. கிழவியின் பேச்சில் நான் கவனமாக இருக்க வேண்டியிருந்த ஒன்றும் உண்டு. அவள் பேசும் தமிழை நகைச்சுவை வண்ணமாகப் பூசினால் அவள் சொல்லும் செய்தியின் கனம் போய்விடும். அந்த மூவரில் நிலத்தை அறிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாக்கியம் சேகரின் வரைபடத்தைவிடத் துல்லியமானது.

இந்தக் காட்சியைக் கிழவியின் பக்கமிருந்து திருப்பி எழுதினால் இன்னொரு கதை கிடைக்கும். அவள் குடும்பம் அந்தக் கழனியின் சொந்தக்காரரா, கூலிக்கு நடவு நட்டவர்களா என்ற ஒரு தகவல் மாறினால் முழுக் காட்சியும் மாறிவிடும். ஊர்த் தெருவில் இருப்பவருக்குக் கழனி விற்ற பணம் வந்திருக்கலாம். காலனியில் இருப்பவருக்கு நடவுக் கூலி நின்றதுதான் மிச்சமாகியிருக்கும். பூமணியும் இமையமும் கற்றுத்தந்த பாடம் இங்கேயும் அப்படியே செல்லும்.

இன்னும் இரண்டு வெள்ளானூர்கள் பாக்கி இருக்கின்றன. ஒன்று மாணவர்களுடையது. பொறியியல் கல்லூரிகளும் விடுதிகளும் நிறைந்த பக்கம் இது. ஆந்திரத்திலிருந்து வந்து நான்கு வருஷம் தங்கிப் போகும் பையனுக்கு ஏரியோ கழனியோ தெரியாது. ஆவடி ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ எங்கே நிற்கும், எந்தக் கடையில் தெலுங்கு பேசினால் புரியும், இரவு எத்தனை மணிக்குக் கேட்டை மூடுவார்கள் என்பது தெரியும். அவனுடைய ஊர் அவ்வளவுதான், ஆனால் அது பொய்யான ஊர் இல்லை. மற்றொன்று செங்கல் சூளைகளுடையது. திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இந்த மாவட்டத்தில் இத்தனை வீடுகள் எழும்பியதில் அவர்கள் அறுத்த கல்லுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் குடும்பத்துக் குழந்தை சூளை மேட்டிலிருந்து நானூறு அடி ரோட்டில் போகும் லாரி வெளிச்சத்தை ஒடியாவில் எண்ணும். தமிழ் நாவலாசிரியர் ஒருவர் இந்தப் பக்கத்தை முழுசாக எழுத உட்கார்ந்தால், முன்பணக் கணக்கு எப்போது தீரும், மழைக்கு முன் ஊர் திரும்ப முடியுமா என்று அந்தத் தாய் தகப்பனிடம் போய்க் கேட்டு எழுத வேண்டியிருக்கும். அதற்கு வேண்டிய மொழியை அவர் இனிமேல்தான் கற்க வேண்டும்.